தேதி இல்லாத அக்கா

எங்கள் குடியிருப்பு படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது. நலச்சங்கத்தில் எனக்குக் கொடுத்த பொறுப்பு, அறுபது தாண்டியவர்களின் பிறந்தநாள் பட்டியல். மாதக் கடைசி ஞாயிறு மாலை, சங்கத்துத் தகரக் கொட்டகையில், அந்த மாதம் பிறந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கேக் வெட்டுவார்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சுண்டல். அவ்வளவுதான் விழா. ஆனால் நான் இருபத்திரண்டு வருடம் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்த்தவன். மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா?

பட்டியலில் நாலு கட்டம் போட்டேன். பெயர், வீடு, பிறந்த தேதி, சான்று. சான்று இல்லையென்றால் இடம் இல்லை.

“கேக்கு துன்றதுக்கு இன்னாத்துக்கு சர்டிபிகேட்டு?” என்று என் மனைவி கேட்டாள். முறை என்றால் முறைதான் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூனில் முதல் சிக்கல். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடம் போன என் வயசு ஆண்களுக்கெல்லாம் ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள். சேர்க்க வந்த அன்றைக்குத் தலைமையாசிரியர் குத்துமதிப்பாக எழுதிக்கொண்ட தேதி. என்னையும் சேர்த்து ஒன்பது பேர், ஒரே கத்தி. யார் மூத்தவர் என்று தகராறு. எல்லாரும் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் என்பதால், கடைசியில் மூன்று ஷிப்டாகப் பிரிந்தோம். ஏ ஷிப்ட் வெட்டிவிட்டு நகர, பி ஷிப்ட் வந்து கத்தியைப் பொறுப்பேற்றது. நான் சி ஷிப்ட். எங்கள் முறை வந்தபோது கேக்கின் மேல் ஒரு ரோஜாப்பூகூட மிச்சமில்லை.

மூன்றாம் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். வல்லக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் அடுத்த வீட்டுக்காரர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். மகன் இங்கே வீடு கட்டியதும் கூடவே வந்துவிட்டார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவருடைய ஆதார் அட்டையில் பிறந்த வருடம் மட்டும்தான் இருந்தது. தேதியும் இல்லை, மாதமும் இல்லை.

“தேதி தெரிஞ்சா சொல்லுக்கா, சேத்துக்கிறேன்” என்றேன்.

“தெரியாதேடா” என்றார்.

சிவப்புத் தொட்டி. அத்தோடு மறந்துவிட்டேன். அவர் மட்டும் ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தார். எல்லாரையும்விட உரக்க வாழ்த்துப் பாடினார். சுண்டல் அவித்துக்கொண்டு வந்ததும் அவர்தான்.

டிசம்பர் கேக்கைத் தின்று முடித்ததும் நான் எழுந்து, “இந்த வருசம் எல்லாருக்கும் பொறந்தநாள் கொண்டாடியாச்சு. ஒருத்தரும் விட்டுப்போகல” என்று பெருமையாக அறிவித்தேன்.

அக்கா சுண்டல் பாத்திரத்தை டொக்கென்று வைத்தார்.

“இன்னாடா சொன்ன? எல்லாருக்குமா?”

“உன் தேதி தெரியலையேக்கா. சான்று வேணுமில்ல?”

“உன் தேதி இன்னா?”

“ஜூன் ஒண்ணு.”

“ஜூன் ஒண்ணாம்! ஐப்பசி அடமழையில பொறந்தவன்டா நீ. நான்தான் முட்டிக்கால் தண்ணியில ஓடி மருத்துவச்சியக் கையப் புடிச்சி இட்டாந்தேன். பொறந்து நீ அழவே இல்ல. முதுகுல ஒண்ணு போட்டாங்க. அன்னிக்குத் தொறந்த வாய், இன்னும் மூடல.”

கொட்டகையே சிரித்தது. என் மனைவி தேவைக்கு மேல் சிரித்தாள். அக்கா அதோடு விடவில்லை. ஏ ஷிப்டில் வெட்டிய எங்கள் ஊர்க்காரரைக் காட்டி, “இவன் தை மாசம், மாட்டுப் பொங்கலன்னிக்கு” என்றார். அவரும் சான்று வைத்திருந்தவர்தான். என் பட்டியல் அங்கேயே கந்தலாகிப்போனது.

பிறகு அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

“உங்க பொறப்பச் சொல்றதுக்கு நான் கீறேன். என் பொறப்பச் சொல்ல யாருடா கீறாங்க? பாத்தவங்க எல்லாம் போய்ட்டாங்க. எனக்கும் ஒருவாட்டி அந்தக் கத்தியப் புடிக்கணும்னு இருக்காதா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பன்னிரண்டு மாதமும் அவர் சுண்டலைத் தின்றிருக்கிறேன். பேனாவை எடுத்தேன்.

“என்னிக்கு வேணும், சொல்லுக்கா.”

“நாளைக்கி.”

“நாளைக்கி திங்கக்கெழமைக்கா. அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கெழமை...”

“எனக்கு எழுவத்தி ஒண்ணுடா. அடுத்த மாசமும் கடையில கேக்கு இருக்கும். நான் இருப்பனா?”

திங்கட்கிழமையே வைத்தோம். கத்தியை அவர் தனியாகப் பிடித்தார். உதவிக்குப் போன மகனின் கையைத் தட்டிவிட்டார். ரோஜாப்பூ ஐந்தும் அவர் தட்டில். முதல் துண்டை என் வாயில் திணித்து, “இப்பவாச்சும் மூடு” என்றார்.

வீட்டுக்கு வந்து பட்டியலைத் திறந்தேன். பெயர், வீடு, பிறந்த தேதி மூன்றையும் எழுதினேன். நாலாவது கட்டம் காலியாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில், பார்க்காத எதையும் பார்த்ததாக நான் ஒரு தடவைகூடக் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தக் கட்டத்தில், ‘இவர் பிறந்ததை நேரில் பார்த்தேன்’ என்று எழுதி, அவரைவிட ஒன்பது வயது சின்னவனான நான் கையெழுத்துப் போட்டேன்.