வால் முளைக்காத தேள்

காலையில் கொல்லை வேப்பமரத்தில் காய்ந்த பட்டையைப் பெயர்த்தபோது அரிசியளவில் ஒரு தேள் பின்னோக்கி ஓடியது. முன்னால் இரண்டு இடுக்கி; பின்னால் வாலே இல்லை.

சிறுவயதில் விறகுப்பட்டையில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்து அலறியவன் நான்தான்.

"குட்டிடா, இன்னும் வால் மொளைக்கல. ஆத்தாக்காரி உள்ளதான் இருப்பா," என்ற அம்மா, அடுப்பை அணைத்துவிட்டு விறகுக்கட்டு முழுவதையும் பிரித்துப் போட்டாள். பீங்கான் ஃபேக்டரியில் சங்கு ஊதியது.

"டீத்தண்ணியாவது குடுடி, கேட்டைச் சாத்திடுவானுங்க!" என்று அப்பா கத்தினார்.

"பையனக் கொட்டிட்டா ஃபேக்டரியா வந்து பாக்கும்? நவுருங்க!"

ஆத்தாக்காரி அகப்படவில்லை. வெறும் வயிற்றோடு ஓடிய அப்பா, கேட் சாத்தியிருந்ததால் திரும்பி வந்து என்னைத்தான் முறைத்தார்.

அது தேள்குட்டியே இல்லை, முழுதாக வளர்ந்த வேறொரு பூச்சி, கொட்டாது, அதற்கு வாலே முளைக்காது என்பதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் கையில் செருப்போடு மரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

"டீ ஆறிப்போவுது, அங்க இன்னாத்த தேடுறீங்க?" என்கிறாள் மனைவி.

"அதோட ஆத்தாள."