அப்பாவுக்குத் தெரியாமல் போன என் முகம்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். அப்பாவைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயம்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுது எழுது என்று ஆண்டவர் மனதில் உறுத்திக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

இடுக்கியில் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீடு. காய் உலர்த்தும் ஸ்டோரில் அப்பாவுக்கு வேலை. எனக்குப் பத்து வயதாகும்போது அவருக்கு முதலில் கை சோர்ந்தது, பிறகு கால், பிறகு பேச்சும் குழறியது. மோட்டார் நியூரான் நோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் பிள்ளைகள் அப்பா முன்னால் முழங்காலிட்டு அவர் விரலால் நெற்றியில் வரைகிற ஆசீர்வாதச் சிலுவையை வாங்க வேண்டும். அவருக்குக் கை எழும்பாமல் போனபின் அம்மா அதைப் பிடித்துத் தூக்கிக் கொடுப்பாள்.

ஒருநாள் என் கூட்டாளிப் பிள்ளையின் குடும்பம் தோட்டத்தை விட்டே கம்பத்துக்குப் போய்விட்டது. ஜீப் மறைகிறவரை நின்று அழுதேன். ஆறுதல் சொல்வார் என்று அப்பா முன்னால் போய் நின்றேன். முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ள, அடுப்பு ஊதுனியா?" என்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்பாவுக்கு என்மேல் பாசம் போய்விட்டது என்று தீர்மானித்துவிட்டேன். அன்று ஜெபம் முடிந்து அண்ணன் சிலுவை வாங்கினான். நான் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. அம்மா தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. நான் முறைத்தேன். "தூக்கம் போல, விடு" என்றார் அப்பா, சாந்தமாக.

மூன்று நாள் சிலுவை இல்லாமல் படுத்தேன். நாலாம் நாள், வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற பஞ்சாயத்து நர்ஸ் சிஸ்டர் வந்தார். அம்மா முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "மோளே, அப்பாவுக்கு சிநேகம் போகலை. இந்த சீக்கு வந்த சிலபேருக்கு, மத்தவங்க முகத்துல உள்ள சங்கடமும் கோவமும் தெரியாமப் போயிடும். நீ வாயால சொல்லு" என்றார்.

நேரே போய், "அப்பா, நான் உங்க மேல கோவமா இருக்கேன். எனக்கு அழுகையா வருது" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். அப்பா பதறிப்போனார்.

"ஏந்தாயி? அப்பா என்ன செஞ்சேன்?"

அந்தக் குழறலிலும் ஒவ்வொரு எழுத்தும் எனக்கு விளங்கியது. பாசம் எங்கேயும் போகவில்லை! ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, விட்டுப்போன மூன்றையும் சேர்த்து நாலு சிலுவை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப்பிறகு சிரிப்பு, பயம் எல்லாவற்றையும் நாங்கள் அவரிடம் வாயால் சொல்லப் பழகினோம். அம்மா மட்டும் சொல்லமாட்டாள். அதுவரை அடுப்படியில் ஒளிந்து அழுதவள், இப்போது கட்டிலுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, கஞ்சி ஊட்டிக்கொண்டே சத்தமில்லாமல் அழுவாள். ஸ்பூன் ஆடாது. அப்பா நிம்மதியாகக் குடிப்பார். "அம்மா, நீ சொன்னாத்தானே அப்பாவுக்குத் தெரியும்?" என்று நான் ஞாபகப்படுத்துவேன். "எனக்குத் தெரியும்டி" என்பாள்.

இந்த நோய் இருக்கிற வீடு எதுவானாலும் இதைக் கூட்டாமல் குறைக்காமல் போய்ச் சொல்லுங்கள். அம்மா அழுததையும் விட்டுவிடாதீர்கள். அவளுக்கு மறதி என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.