கடைசிச் சீட்டு

சைகோனில், தாவோ தியென் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் மகள் நுழைவுத்தேர்வு நிகழ்தகவுக் கணக்கைச் சரிபார்க்க, மடித்த சீட்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். அந்தச் சரசரப்பில் எனக்கு போருக்குப் பிந்தைய ரேஷன் காலத்துச் சைகோன் திரும்பி வந்தது.

தெருவுக்கு ஒரே ஒரு சைக்கிள் டயர் வரும். யாருக்கென்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். அப்பா எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசிச் சீட்டைத்தான் எடுப்பார். இருட்டிய பிறகு வெறுங்கையோடு வந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுவார். பிறகு பழைய டயருக்கே ஒட்டுப் போடுவார். வீடெல்லாம் ரப்பர் பசை வாடை அடிக்கும்.

"முந்திப் போயி எடுத்தா என்ன? கடைசி ஆளுக்கு எங்கேருந்து கெடைக்கும்?" என்று அம்மா பொரிந்து தள்ளுவாள்.

இதை மகளிடம் சொன்னேன். "யாரு எப்ப எடுத்தாலும் சான்ஸ் ஒண்ணுதாம்ப்பா," என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா பிஸ்கட் டப்பாவை மூடி வைத்தாள்.

"இருக்கட்டும். முதல்ல எடுத்திருந்தா மனுசன் சோத்தையாச்சும் சூடா சாப்பிட்டிருப்பாரு."