பைபிளுக்குள் வைத்த செய்தி

அப்பா வாரம் முழுக்க அணுபுரத்தில் எலக்ட்ரீஷியன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாஸ்டர். எங்கள் சபை ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடம்தான் என்றாலும் அவர் பிரசங்கத்துக்குச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பேர். காரணம், பேப்பர். சனிக்கிழமைகளில் அந்த வாரத்துப் பேப்பர்களை விரித்துவைத்துப் பிரசங்கத்துக்கு உதவும் செய்தியைத் தேடுவார். அதைக் கத்தரித்துக் கொடுப்பது என் வேலை. எட்டு வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பதவி கிடையாது. பிரசங்கத்தில் பாதி என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.

அந்த வாரம், பைபிளில் தகப்பனை எதிர்த்துக் கிளம்பி மரக்கிளையில் தலை மாட்டி மாண்ட ராஜகுமாரனின் கதை. செய்தியும் பொருத்தமாக அமைந்துவிட்டது. மாமல்லபுரம் பக்கம் ஈசிஆரில் குடித்துவிட்டு பைக் ஓட்டிய வாலிபர், லாரி மோதிச் சாவு.

"யார் பெத்த புள்ளயோ, அத்தப் போய் சபையில சொல்லணுமா?" என்றாள் அம்மா.

"நம்ம பக்கத்துல நடந்தத சொன்னாதான் பசங்களுக்கு ஒறைக்கும்," என்றார் அப்பா. நான் ஓரம் பிசகாமல் வெட்டிக் கொடுத்தேன்.

எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது என்று ஆளாளுக்கு எழுந்து ஆண்டவருக்கு நன்றி சொல்வார்கள். அன்று கடைசிப் பாயிலிருந்து, நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு பெண் எழுந்தாள். நன்றி சொல்ல வந்த முகமாக இல்லை.

"ஈசிஆர்ல அடிபட்டு செத்தது எம்புள்ளதான். அவன் குடிக்கல பாஸ்டரு. ஓட்டல்ல வேல முடிச்சுட்டு வூட்டுக்கு வந்துகினு இருந்தான். பேப்பர்ல பொய் போட்டுக்கீறாங்க. எங்க தெருவுல யாரும் நம்பல. நீங்களாவது நம்புங்க."

அப்பா பைபிளைத் திறந்தார். நான் வெட்டிய துண்டு மேலேயே இருந்தது. அதை எடுத்துக் கடைசிப் பக்கத்துக்குள் தள்ளினார். மறந்துவிட்டார் போலிருக்கிறதே என்று எனக்குப் பதைத்தது. ஓடிப்போய், "அப்பா, அந்தப் பேப்பரு," என்று ஞாபகப்படுத்தினேன்.

அவர் மைக்கைக் கையால் பொத்தினார். "தெரியும்மா. போய் உக்காரு."

ராஜகுமாரன் எதிர்த்ததையும் மரத்தில் மாட்டியதையும் அவர் வாசிக்கவில்லை. மகன் செத்தான் என்று கேட்ட ராஜா, மாடியறைக்கு ஏறிப்போய் அழுத இடத்தை மட்டும் வாசித்தார். வாசித்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்து, "நாங்க நம்புறோம்மா," என்றார். பிறகு முழங்காலிட்டார். சபையும் முழங்காலிட்டது. அவள் நின்றபடியே வாய்விட்டு அழுதாள்.

எனக்கு ஒரே கோபம். வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா இன்னிக்குப் பிரசங்கமே பண்ணல," என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா என் தலையைத் தடவினாள்.

அதன்பிறகும் அப்பா சனிக்கிழமைகளில் பேப்பர் பார்த்தார். பக்கத்தில் எங்காவது சாவு என்று வந்திருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு, விசாரித்து அந்த வீட்டுக்கே பஸ் ஏறிப் போய்விடுவார். நான் கத்தரிக்கோலோடு சும்மா உட்கார்ந்திருப்பேன். பிரசங்கம் தயாரிக்கும் பழக்கமே அப்பாவுக்கு விட்டுப்போயிற்று என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.