என் ரத்தத்தை முதலில் பார்த்தவர்

என் மனைவி திங்கட்கிழமை காலை ரயிலில் பெங்களூரு போனால் வெள்ளிக்கிழமை மாலைதான் அதியமான்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்புவாள். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். நான் பாப்பிரெட்டிப்பட்டியில் தமிழாசிரியர். சனியும் ஞாயிறும் அவள் எனக்கே என்று நினைத்திருப்பேன். ஆனால் அந்த இரண்டு நாளும் அவளோடு வேலை செய்யும் ஆய்வாளர் ஒருவர் போனில் வந்துவிடுவார்.

அவர் கர்நாடகத்து மண்டியாக்காரர். என் மனைவி எல்லையோரத்துக் கிராமத்தில் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவள். இருவரும் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வார்கள். எனக்கு அந்த மொழி இன்றுவரை ஒட்டவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் உள்ளே விடைத்தாள் திருத்துவதுபோல் நடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். என்ன சிரிப்பு என்று கேட்டால், ஆய்வுக்கூடத்து எலி அவரைக் கடித்துவிட்டது என்பாள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியாது.

அந்தப் பேச்சுக்குள் எப்படியாவது நுழைய வேண்டும் என்று அவளிடமே பாடம் கேட்டேன். எந்தப் புரதத்தை உருவாக்க வேண்டும் என்று ஜீன்கள் உத்தரவு அனுப்புமாம். அந்த உத்தரவைப் பாதி வழியில் மறிக்கும் மிகச் சிறிய துணுக்குகள்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. கல்லீரல் கெடத் தொடங்கினால் அங்கிருக்கும் சில துணுக்குகள் ரத்தத்தில் கசியும். அவற்றை அளந்து நோயை முன்கூட்டியே அறிய முடியுமா என்பது அவள் ஆராய்ச்சி. கெடுதல் செய்யும் துணுக்கை மருந்தால் கட்டிப்போட முடியுமா என்பது அவர் ஆராய்ச்சி. இரண்டும் எவ்வளவு நன்றாகப் பொருந்துகின்றன என்று எனக்கு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குழு எங்கள் ஊருக்கே ரத்தம் சேகரிக்க வந்தது. நோயாளிகளோடு ஒப்பிட, நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டுமாம். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, மாத்திரை எதுவும் கிடையாது. நானே முன்வந்து கையை நீட்டினேன். அன்றுதான் அவரை நேரில் பார்த்தேன். என்னைவிட உயரம். தொப்பை இல்லை. ஊசி வலிக்கிறதா என்று பணிவாகக் கேட்டார். வலித்தது. இல்லை என்றேன்.

சில வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நாளைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக்கலாங்க. நீங்க குடுத்த ரத்தத்துல அந்தத் துணுக்கு அதிகமா இருக்குது."

"யார் பார்த்தது?"

எனக்கு என்ன வியாதி என்றல்ல, அதைத்தான் முதலில் கேட்டேன். அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அவருதான் மொதல்ல பார்த்தாரு" என்றாள்.

குழாயில் எண் மட்டும்தான் இருந்ததாம். யாருடையது என்று அவருக்குத் தெரியாது. அவர் பேராசிரியரிடம் சொல்ல, பேராசிரியர் எண்ணுக்குரிய பெயரைப் பார்த்து என் மனைவியை அழைத்திருக்கிறார். இதை வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது, இது இன்னும் ஆராய்ச்சிதான், வழக்கமான பரிசோதனை செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் விளக்கினாள். என் காதில் ஒன்றுமே ஏறவில்லை. எனக்கே தெரியாத என் உடம்பின் சேதியை அந்த ஆள் எனக்கு முன்னால் தெரிந்துகொண்டிருக்கிறார்.

தருமபுரியில் ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலில் கொழுப்பு படிந்து லேசாக இறுகத் தொடங்கியிருந்தது. இப்போதைக்கு மருந்து வேண்டாம், எடையைக் குறைத்தால் போதும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் என் மனைவி மரத்தடியில் நின்று அழுதாள். பிறகு அந்த மண்டியாக்காரருக்கு போன் போட்டு அழுதாள். அந்த இரண்டாவது அழுகையை என்னால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் தினமும் நடந்தேன். உடம்புக்காகப் பாதி, அவரைப்போல் ஆவதற்காகப் பாதி. அடுத்த ஸ்கேனில் கல்லீரல் தேறியிருந்தது. அதைக் கேட்டு அவர் எங்களைப் பெங்களூரில் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். மறுக்கக் காரணம் கிடைக்காமல் போனேன்.

சாப்பிட்டதும் அவரும் என் மனைவியும் கை கழுவாமலே பேச ஆரம்பித்துவிட்டார்கள். சோறு காய்ந்துபோன விரல்களால் காற்றில் ஏதோ வரைந்தார்கள். அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்தார். சேலத்தில் சில வருடம் இருந்தவராம், தமிழ் திக்கித் திக்கி வந்தது.

"அவங்க பேசறது உங்களுக்குப் புரியுமா?"

"புரியாதுங்க."

"எனக்குப் புரியும்" என்றார். "எல்லாம் அந்த ஆர்.என்.ஏ.தான். வேற ஒண்ணுமே இல்லை."

ஆறுதலாகத்தான் சொன்னார் என்று முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. வேறு ஏதாவது இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் என்பதுபோல் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் மோரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.