டிரைவர் அண்ணன் எண்ணுக்கு வந்த ஓடிபி

கீழ்வீட்டு அம்மாவின் ஆதாரில் இருக்கும் கைபேசி எண் அவருடையது அல்ல. அவர் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸின் ஓட்டுநருடையது. அம்மாவின் மகளுடைய ஆதாரிலும் அதே எண்தான். மகளின் பிறப்பிடச் சான்றிதழுக்காக அவர்களுடன் இ-சேவை மையத்துக்குப் போன அன்றுதான் இது எனக்குத் தெரிந்தது.

மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். பிறந்தது ஓசூரில். ஆனால் குடும்பம் சில ஆண்டுகள் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வாடகைக்கு இருந்ததால் ஆறு முதல் எட்டு வரை கர்நாடகத்தில் படித்தாள். எனவே தமிழ்நாட்டைச் சேர்ந்தவள்தான் என்று வட்டாட்சியரின் சான்று வேண்டும். அதைப் பதிவேற்ற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. தவறினால் இந்த ஆண்டு கல்லூரி இல்லை. நாங்கள் மையத்துக்குப் போனது செவ்வாய்க்கிழமை. அம்மா விடுப்பு போட்டிருந்தார். பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்கு எல்லா அலுவலகமும் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. அதனால் நானும் போனேன்.

கணினி முன் இருந்த பெண்ணுக்கு என் உதவி எதுவும் தேவைப்படவில்லை. ஆதார் எண்ணை ஏற்றியதும் திரையில் கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் வந்தன.

"இது டிரைவர் அண்ணன் நம்பருங்களா?" என்றார்.

அம்மா தலையாட்டினார். கம்பெனி வாசலில் ஆதார் முகாம் நடந்தபோது, பகலில் எடுக்கக்கூடிய எண்ணாகக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தொழிலாளர்களின் போன்கள் ஷிப்ட் முடியும்வரை லாக்கரில் இருக்கும். வெளியே போனும் கையுமாக நின்றவர் ஓட்டுநர் ஒருவர்தான். அந்த பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப்பேர் குடும்பத்தோடு அவர் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அவரும் சரி என்றிருக்கிறார்.

"மணி பத்து அஞ்சு. அண்ணன் ஜெனரல் ஷிப்ட் ஆளுங்கள இறக்கிட்டுத் திரும்பி வந்துக்கிட்டிருப்பாரு. ஜூஜுவாடியில டீக்கு நிறுத்துவாரு. அப்ப ஓடிபிக்கு அமுக்கலாம். வந்தா பத்து நிமிஷந்தான் நிக்கும்" என்றார் அந்தப் பெண்.

"அக்கா, காலையில போன்ல நானே ரெண்டு தடவை அமுக்கிட்டேன்" என்றாள் மகள்.

"ரெண்டா? அப்ப இன்னிக்கு இன்னும் ஒண்ணுதாம்மா. அதும் போச்சுன்னா பூட்டிக்கும்."

"இவளுக்கு எதுலயும் பொறுமை கிடையாது" என்றார் அம்மா. மகள் சுவரில் ஒட்டியிருந்த கட்டண அட்டவணையைப் படிக்கத் தொடங்கினாள்.

ஓட்டுநருக்குப் போன் அடித்தோம். எடுக்கவில்லை. "வண்டி ஓடறப்ப எடுக்க மாட்டாரு. எடுத்தாருன்னா நானே கம்ப்ளைன்ட் குடுப்பேன்" என்றார் அந்தப் பெண். ஓட்டுநரின் பஸ் நிற்கும் இடங்களும் நேரமும் அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம். மத்திய அரசின் ஆதாரும் மாநில அரசின் இணையதளமும் இந்த ஊரில் ஒன்றோடொன்று பேசுவது ஒரு டீ நேரத்தில் என்று குறித்துக்கொண்டேன்.

பத்து இருபத்திரண்டுக்கு ஓட்டுநரே கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

"காலையில ரெண்டு வந்துதும்மா. கேஸ் சிலிண்டரா, பென்ஷனான்னு தெரியாம ரெண்டு வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். யாரு அமுக்குனது?"

"எம் மவதான்ணே."

"காலேஜுக்கு இன்னும் பஸ்ஸே வரல, அதுக்குள்ள ஓடுறாளா? சரி, அமுக்கு. வண்டி நிக்குது."

ஆறு இலக்கங்களையும் இரண்டிரண்டு முறை சொன்னார். விண்ணப்பம் ஏறியது. இனி கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூவர் திரையையும் அது கடக்க வேண்டும். விண்ணப்பத்திலும் ஓட்டுநர் எண்ணையே கொடுத்தார் அம்மா. அம்மாவின் போன்தான் பகலில் லாக்கரில் இருக்குமே.

மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அம்மா வேலையில், மகள் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தாள். சாட்சி சொல்ல வேண்டிய மாடிவீட்டுக்காரனான நான் கிருஷ்ணகிரியில். அலுவலர் விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறார். நடந்ததை ஓட்டுநர் அன்று மாலை எங்களிடம் ஒப்பித்தார்.

"வீடு பூட்டியிருக்குது, இவங்க இங்கதான் இருக்காங்களான்னு கேட்டாரு சார். நாலு வருஷமா காலைல எட்டரைக்கு அந்தத் தெருமுனையிலதான் ஏத்தறேன்னேன். அதுக்கு முன்னாடின்னாரு. அத்திப்பள்ளியில ஏத்தினேன்னேன்."

அம்மாவின் முகம் மாறியது. "அதை எதுக்குண்ணே சொன்னீங்க?"

"கவர்ன்மென்ட் ஆளுகிட்ட பொய் சொல்லச் சொல்றியா? பொண்ணு பொறந்தது ஓசூருன்னும் சொன்னேன். பெயர் வெச்சப்ப பஸ்ஸுல எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தியே, அதையும் சொன்னேன். சிரிச்சாரு."

அந்தச் சிரிப்பு எந்த வகை என்று வியாழன் முழுவதும் யோசித்தோம். வெள்ளி காலையில் மகள் இணையத்தில் பார்த்தாள்: வருவாய் ஆய்வாளரைத் தாண்டி வட்டாட்சியரிடம் நின்றது. மதியமும் அங்கேயே. மூன்றேகாலுக்கு அவள் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தெருவில் ஓடுவதை மாடியிலிருந்து பார்த்தேன். ஒப்புதல் குறுஞ்செய்தி ஓட்டுநருக்கு வந்து, அவர் மையத்துப் பெண்ணுக்குச் சொல்லி, அவர் இவளை அழைத்திருக்கிறார். நான் போய்ச் சேர்வதற்குள் சான்றிதழை இறக்கிப் பதிவேற்றிவிட்டார்கள். மணி மூன்று ஐம்பது.

இனி வருவது நான் பார்த்ததல்ல, அம்மா சொன்னது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியபோது எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, அவருக்கு மட்டும் தெரியாது. லாக்கரிலிருந்து எடுத்த போனைப் பைக்குள் போட்டிருந்தார். திறந்து பார்க்கப் பயம். ஓட்டுநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறுஞ்செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். "நர்ஸம்மா ஆனதும் எனக்குச் சீக்கிரம் ஊசி போட்டு அனுப்பச் சொல்லு" என்றாராம்.

அம்மா இன்னொரு முறை படிக்கச் சொல்லியிருக்கிறார். படித்து முடித்த பிறகுதான் வண்டியை எடுத்தாராம்.