அண்ணனின் தண்ணீர் முறை

போன தை மாதம், வில்லியனூர் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடந்தது இது. மறதி நோய் முற்றிய என் அண்ணனை அங்கே சேர்த்திருந்தோம். பார்க்கப் போனால், துண்டால் நாற்காலியோடு கட்டி வைத்திருந்தார்கள்.

"விடிஞ்சா கேட்டாண்ட ஓடுறாரும்மா. லாரியில அடிபட்டா யாரு பதில் சொல்றது? கட்டுறதுக்கு ஒத்துக்குங்க, இல்லன்னா கூட்டிக்கினு போங்க" என்றார் மேலாளர்.

தனியாக இருக்கிறேன். என் முழங்காலே என் பேச்சைக் கேட்பதில்லை. அவரை எங்கே கூட்டிப்போவது?

அண்ணன் என் கையை உலுக்கினார். "அவுத்து வுடுடி. இன்னிக்கி நம்ம மொற. பக்கத்து வயக்காரன் தண்ணியத் திருப்பிக்கினு பூடுவான்."

அப்போதுதான் விளங்கியது. பாகூர் பக்கம் எங்கள் ஏரிப் பாசனத்தில் வயலுக்கு வயல் தண்ணீர் முறை உண்டு. முறை நாளில் விடியலில் மடையில் நிற்காதவன் பயிர் காயும். ஆயுள் முழுக்க அப்படி நின்றவர் ஓடவில்லை, வேலைக்குப் போகிறார்.

சமையலறைக்குப் பின்னால் வாழைகள் வாடி நின்றன. அண்ணனுக்கு ஒரு மண்வெட்டி கொடுத்து, அங்கே குழாயைத் திறந்துவிடும்படி மேலாளரிடம் கேட்டேன்.

"மண்வெட்டியா? ரூல்ல இடமில்லம்மா."

அரசு அலுவலகத்தில் இதே வாக்கியத்தைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். ரூல் இருக்கிறவன் நம்பரைச் சொல்வான். இல்லாதவன்தான் 'ரூல்' என்பதோடு நிறுத்துவான்.

"எந்த ரூலு தம்பி? எழுதிக் குடுங்க. ஆளக் கட்டிப்போடலாம்னு இருக்கற ரூலையும் சேத்தே குடுங்க."

பணிப்பெண் ஒருவர் கூடவே நிற்பதென்றால் சரி என்று மேலாளர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் விடியலில் நானே மண்வெட்டியோடு போனேன். அண்ணன் குழாயடியிலிருந்து வாழைக்கு வாய்க்கால் கிழித்தார். கிட்டே போன என்னைப் பார்த்து, "இன்னாடி, எம் மடையில கால வெக்கிற? உம் மொற நாளைக்கித்தான், போ!" என்று விரட்டினார். தங்கை போய், தண்ணீர் திருட வந்தவளாகிவிட்டேன். சேற்றுக் காலோடு ஓரமாக நின்றேன். கடைசி வாழையைத் தண்ணீர் தொட்டதும் மண்வெட்டியைக் கழுவிச் சாய்த்தார். கேட் பக்கம் திரும்பவே இல்லை. காபி கேட்டார்.

அதன் பிறகு தினமும் விடியலில் வாழைக்குத் தண்ணீர் விடுகிறார்; அவரை யாரும் கட்டவில்லை. மேலாளர் மட்டும் என்னைக் கண்டால் மேசைக்கடியில் எதையோ தேடுகிறார், தேடட்டும். மறதி வந்தவர் ஓடப் பார்க்கிறார் என்று இன்று யார் சொன்னாலும் நான் விடுவதில்லை: எங்கே போகிறார் என்று அவரையே ஒருமுறை கேட்டீர்களா?